சிலிக்கோன் பாரம் தூக்காது: ஒரு மோட்டர்ஹோம் சிங்கைத் திருத்திய விதம்



இந்த எபிசோடில் ரைட் டு ரிப்பேர் பற்றி ஒரு மணித்தியாலத்துக்கு மேல் கதைச்சம். கனடாவில் சி-244 என்ற சட்டமூலம் 2024 நவம்பரில் அரச ஒப்புதல் பெற்றது. அதன்படி, ஒரு சாமானைத் திருத்துவதற்காக அதன் டிஜிட்டல் பூட்டைத் திறக்கிறது இனிப் பதிப்புரிமை மீறல் இல்லை. நல்ல விஷயம். ஆனால் ஒலிப்பதிவு முடிஞ்ச பிறகு எனக்குள் ஒரு கேள்வி கிடந்தது. பூட்டே இல்லாத சாமான்களை எங்களில் எத்தனை பேர் திருத்திறம்? லப்டொப்பைத் திறந்து ரம் மாற்றுற ஆட்கள்கூட, குசினியில் தண்ணீர் ஒழுகினால் உடனே ஃபோனை எடுக்கிறம்.

அதனால் இந்த மடலில் சிப் இல்லாத, ஃபேர்ம்வெயார் இல்லாத ஒரு சாமானைப் பற்றி எழுதுறேன்: மோட்டர்ஹோமின் குசினி சிங்க். அது கழன்று தொங்கினால் ஏன் தொங்குது, எப்படி நிரந்தரமாக நிப்பாட்டலாம் என்று பார்ப்பம். உங்களிடம் மோட்டர்ஹோம் இல்லாவிட்டாலும் வாசியுங்கோ. உங்கட கொண்டோவில் இருக்கிற சிங்கும் அநேகமாக இதே மாதிரித்தான் தொங்கிக்கொண்டு இருக்கு.

அரிசி போன இடம்

அப்பா வேலையால் ஓய்வெடுத்த பிறகு பத்து வருஷப் பழைய மோட்டர்ஹோம் ஒன்று வாங்கினார். ரொறொன்ரோவில் இருந்து சுப்பீரியர் ஏரியின் வடகரை வழியாகத் தண்டர் பே வரைக்கும் அம்மாவோடு போறதுதான் திட்டம். ஒரு வழி மட்டும் கிட்டத்தட்ட 1,400 கிலோமீட்டர். போன வருஷம் ஜூன் மாதம், அதற்கு முதல் ஒரு வார இறுதி ஒத்திகைப் பயணம் போனம். அங்கே அம்மாதான் முதலில் கண்டா.

"தம்பி, அரிசி கழுவினா நாலு மணி எங்கயோ போகுது."

நான் குனிஞ்சு பார்த்தேன். கவுண்டருக்கும் சிங்கின் விளிம்புக்கும் நடுவில் ஓர் இடைவெளி. அதற்குள் அரிசி மணிகள் போய் நிற்குது. அரிசி போற இடத்தால் தண்ணீரும் போகும் தானே. கீழே கபேட்டைத் திறந்தால் பலகை ஈரம். அந்தக் கபேட்டின் பக்கச் சுவருக்கு மற்றப் பக்கம் இன்வேர்ட்டரும் பற்றரிகளும். ஈரத்துக்கும் அதற்கும் இடையில் ஒரு சாண் தூரம்கூட இல்லை.

திருத்துற இடம் ஒன்றில் கேட்டோம். முழுக் கவுண்டரையும் மாற்றினால்தான் சரி வரும் என்றார்கள். ஓகஸ்ட் கடைசிக்குத்தான் நேரம் தரலாம் என்றார்கள். பயணம் ஜூலை நடுப்பகுதியில். அப்பா "அடுத்த வருஷம் பாப்பம்" என்றார். எங்கட வீடுகளில் "அடுத்த வருஷம் பாப்பம்" என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்கே தெரியும்.

அண்டர்மவுண்ட் என்றால் என்ன

சிங்க் பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று, கவுண்டரில் வெட்டின ஓட்டைக்குள் மேலே இருந்து இறக்கி வைக்கிறது. அதன் விளிம்பு கவுண்டருக்கு மேலே குந்தி இருக்கும். சிங்குக்குள் எவ்வளவு பாரம் வந்தாலும் விளிம்பு அதைக் கவுண்டருக்குக் கடத்தும், கவுண்டர் கபேட்டுக்கு, கபேட் நிலத்துக்கு. பசை எல்லாம் காய்ஞ்சு போனாலும் அந்தச் சிங்க் விழாது.

மற்றது அண்டர்மவுண்ட். விளிம்பு கவுண்டருக்குக் கீழே இருக்கும். கவுண்டரில் சிந்தினதை ஒரே இழுவையில் சிங்குக்குள் துடைச்சு விடலாம், பார்க்கவும் வடிவு. ஆனால் இங்கே கவுண்டர் சிங்கைத் தாங்கவில்லை. சிங்க் கவுண்டரில் தொங்குது. நடுவில் இருப்பது பசையும், இருந்தால் நாலைந்து சின்னக் கிளிப்பும்.

எங்கட வண்டியில் கவுண்டர் சொலிட் சேர்ஃபேஸ். 1960களில் டூபொன்ட் நிறுவனம் கோரியன் என்ற பெயரில் கொண்டு வந்ததே, அந்தக் குடும்பம். அக்ரிலிக் பிசினும் அலுமினியம் சேர்ந்த ஒரு கனிமத் தூளும் கலந்து வார்க்கிறது. சிங்க் துருப்பிடிக்காத உருக்கு. இரண்டும் வேறு வேறு சாமான்கள் என்பது பிறகு முக்கியமாகும்.

முதலில் லொக் பாருங்கோ

சேர்வர் விழுந்தால் ரீஸ்டார்ட் பண்ண முதல் லொக் பார்ப்பம் தானே. இங்கேயும் அதே வேலை.

ஒரு பழைய பாங்க் கார்ட்டை எடுத்து, சிங்கின் விளிம்பைச் சுற்றி இடைவெளிக்குள் செருகிப் பாருங்கோ. கார்ட் உள்ளே போற இடத்தில் எல்லாம் மேலே மாஸ்கிங் டேப் ஒட்டுங்கோ. ஐந்து நிமிஷத்தில் எங்கே விட்டிருக்கு, எங்கே பிடிச்சிருக்கு என்று ஒரு வரைபடம் வந்துவிடும். எங்கட சிங்கில் முன்பக்கம் முழுக்க, இடப்பக்கம் பாதி விட்டிருந்தது. பின் மூலைகள் இரண்டும்தான் முழுப் பாரத்தையும் பிடிச்சுக்கொண்டு இருந்தன.

பிறகு டோர்ச்சோடு கீழே படுத்துப் பார்த்தேன். அங்கேதான் வரலாறு முழுக்கக் கிடந்தது. விளிம்பில் மூன்று நிறத்தில் சிலிக்கோன்: தொழிற்சாலையில் போட்ட வெள்ளை, அதற்கு மேல் ஒரு நிறமில்லாதது, அதற்கும் மேல் சாம்பல். முதல் சொந்தக்காரர் இரண்டு தரம் இதே பிரச்சினைக்கு இதே மருந்தைப் போட்டிருக்கிறார். பட்ச் மேல் பட்ச். இரண்டும் பிடிக்கவில்லை, ஏனென்றால் காய்ஞ்ச சிலிக்கோனில் எதுவும் சரியாக ஒட்டாது, புதுச் சிலிக்கோன்கூட.

இன்னொன்றும் கண்டேன். கீழே போற கறுப்பு ஏபிஎஸ் குழாய் எங்கேயும் கட்டப்படவில்லை. குழாயும், மணம் வராமல் தண்ணீர் தேங்கி நிற்கிற அந்த வளைவும், எல்லாப் பாரத்தையும் சிங்கிலேயே தூக்கிப் போட்டிருந்தன. வண்டி ஆடும்போது குழாய் ஒரு நெம்புகோல் மாதிரிச் சிங்கைப் பிடிச்சு ஆட்டும்.

கொஞ்சம் கணக்கு

சிங்கின் உள்ளளவு ஏறக்குறைய 60 செ.மீ நீளம், 40 அகலம், 20 ஆழம். பெருக்கினால் 48 லீட்டர். தண்ணீர் லீட்டருக்கு ஒரு கிலோ. ஆக நிரப்பினால் 48 கிலோ, அதோடு சிங்கின் சொந்தப் பாரம் ஆறேழு கிலோ, அதற்கு மேல் எங்கட வீட்டுச் சோத்துப் பானை. ஒரு வளர்ந்த ஆளின் பாரம் பசையில் தொங்குது.

பசைக்குப் பாரத்தை விடப் பெரிய எதிரி, பாரம் வருகிற விதம். ஒரு ஸ்டிக்கரை முழுப் பரப்பிலும் நேராக இழுத்தால் இலேசில் வராது. ஒரு மூலையை நகத்தால் கிளப்பினால் முழுசும் உரிஞ்சு வரும். சிங்கும் அப்படித்தான். ஒரு மூலை விட்டால், அடுத்த அங்குலம் தனியே பாரத்தை எடுக்கும், அதுவும் விடும். வடக்கு ஒன்ராறியோ றோட்டுகளில் பனிக்காலத்தில் நிலம் உறைஞ்சு மேலே தள்ளின மேடுகள் இருக்கு. ஒவ்வொரு மேட்டிலும் வண்டி துள்ளி விழும்போது சிங்க் ஒரு சின்ன உரிப்பு உரிக்கும்.

மூன்றாவது, வெப்பம். குளிர்காலத்தில் நிறுத்தி வைச்ச வண்டி மைனஸ் 25 வரை போகும். கோடையில் யன்னல் பூட்டின வண்டிக்குள் 45 வரும். 70 பாகை வித்தியாசம். ஒரு மீட்டர் உருக்கு ஒவ்வொரு பாகைக்கும் சுமார் 17 மைக்ரோமீட்டர் நீளும், சொலிட் சேர்ஃபேஸ் சுமார் 30. எங்கட 60 செ.மீ சிங்குக்குக் கணக்குப் பார்த்தால், இரண்டுக்கும் நடுவில் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் இழுபறி. ஒவ்வொரு வருஷமும் போய்த் திரும்பும். கல்லு மாதிரி இறுகிற எபொக்சியை மட்டும் நம்பினால் இந்த இழுபறி எங்கேயோ ஓர் இடத்தில் வெடிப்பாக வரும். இளகிக் கொடுக்கிற சிலிக்கோனை மட்டும் நம்பினால் பாரத்துக்கு அது உரியும்.

இரண்டு வேலை, இரண்டு ஆள்

இதுதான் முழு விஷயமும். அந்த ஒரு வரிப் பசைக்கு இரண்டு வேலை கொடுத்திருக்கு: பாரத்தைத் தாங்க வேணும், தண்ணீரையும் மறிக்க வேணும். தாங்கிறதுக்கு விறைப்பு வேணும், மறிக்கிறதுக்கு இளக்கம் வேணும். ஒரே சாமானிடம் இரண்டையும் கேட்டால் இரண்டிலும் தோற்கும். கோட் எழுதுறவர்களுக்கு நான் மேலே சொல்லத் தேவையில்லை.

ஆகவே வேலையைப் பிரிச்சேன். பாரம் மரச்சட்டத்தின் வழியாக நிலத்துக்குப் போகும். சிலிக்கோன் தண்ணீரை மட்டும் மறிக்கும். நாளைக்கு சிலிக்கோன் முழுக்க உரிஞ்சாலும் சிங்க் ஒரு மில்லிமீட்டரும் இறங்காது.

செய்த முறை

முதலில் எல்லாவற்றையும் நிப்பாட்டுங்கோ. தண்ணீர்ப் பம்பை நிறுத்தி, பைப்பைத் திறந்து அழுத்தத்தை வெளியே விடுங்கோ. வெளி மின்சாரத்தைக் கழற்றுங்கோ, பற்றரி சுவிட்சையும் நிறுத்துங்கோ. புரொப்பேன் தாங்கியைப் பூட்டுங்கோ. புரொப்பேன் காற்றை விடப் பாரம், கசிஞ்சால் நிலத்தோடு தேங்கும். நீங்கள் தலையை வைச்சுப் படுக்கப் போற இடமும் அதுதான்.

இரண்டாவது, வெட்ட முதல் முட்டுக் கொடுங்கோ. சிங்கின் அடியில் பலகையும் பெட்டியும் அடுக்கி, அது விழாமல் பார்த்துக்கொள்ளுங்கோ. விழுந்தால் குழாய் உடையும். பிறகு வளைவுக்குக் கீழே வாளி வைச்சு வடிகுழாயைக் கழற்றுங்கோ. மிஞ்சியிருக்கிற சிலிக்கோனை மெல்லிய கம்பி ஒன்றால் அறுக்கலாம். நான் பழைய கிற்றார்க் கம்பி பாவிச்சேன். இரண்டு முனையிலும் மரத்துண்டு கட்டி, வாள் மாதிரி இழுக்க வேணும்.

மூன்றாவது, சுத்தம். பாதி வேலை இதுதான், பொறுமை போற இடமும் இதுதான். மூன்று தலைமுறைச் சிலிக்கோனையும் பிளாஸ்டிக் சுரண்டியால் எடுத்து, மிச்சத்தைச் சிலிக்கோன் கரைப்பான் போட்டுத் துடைச்சு, உருக்கு விளிம்பை 80 இலக்க சாண்ட்பேப்பரால் உரஞ்சி, கவுண்டரின் அடிப்பக்கத்தையும் உரஞ்சி, கடைசியில் ஐசோபுரொப்பைல் அல்ககோலால் துடைச்சேன். சுத்தமோ இல்லையோ என்று தெரிய ஒரு சின்னச் சோதனை இருக்கு. கொஞ்சம் தண்ணீர் தடவுங்கோ. படலமாகப் பரவினால் சுத்தம். மணி மணியாக உருண்டால் சிலிக்கோன் இன்னும் கிடக்கு, திரும்பவும் உரஞ்சுங்கோ.

நாலாவது, காய விடுங்கோ. கபேட் கதவைத் திறந்து, ஃபான் போட்டு இரண்டு நாள். அந்த நேரத்தில் அடிப்பலகையை ஸ்க்ரூ ட்ரைவர் முனையால் குத்திப் பாருங்கோ. எங்கடது ஈரமாக இருந்தாலும் உறுதியாக இருந்தது. அப்பாவுக்கு நான் சொன்ன முதல் நல்ல செய்தி அது.

ஐந்தாவது, சட்டம். சிங்கின் முன்விளிம்புக்கும் பின்விளிம்புக்கும் கீழே வாறமாதிரி மேப்பிள் மரத்தில் இரண்டு குறுக்குச் சட்டம் வெட்டினேன். ஒவ்வொன்றுக்கும் இரண்டு கால், மொத்தம் நாலு. கபேட் சுவர் மெல்லிசு, அதில் ஸ்க்ரூ அடிச்சுப் பாரத்தைக் கொடுக்கிறதில் அர்த்தமில்லை. அதனால் கால்கள் நேரே நிலத்துக்குப் போகுது. வண்டியின் நிலத்துக்குள் ஸ்க்ரூ இறக்காதீங்கோ. அடியில் தாங்கிகளும் வயர்களும் ஓடும். கால்கள் நகராமல் இருக்க அவற்றுக்கு இடையில் குறுக்குக் கட்டைகள் பூட்டி, ஒரு மேசை மாதிரி ஆக்கினேன். ஒவ்வொரு காலின் அடியிலும் தளபாடங்களுக்குப் போடுகிற, திருகினால் உயருகிற பாதம். சட்டத்துக்கும் விளிம்புக்கும் நடுவில் 3 மில்லிமீட்டர் றப்பர்ப் பட்டி. கிறீச் என்ற சத்தம் வராது, அதிர்வையும் அது வாங்கும்.

கவுண்டரின் அடியில் நேராக ஸ்க்ரூ அடிக்க வேணும் என்று யாராவது சொன்னால் கேட்காதீங்கோ. சொலிட் சேர்ஃபேஸ் பெரும்பாலும் 12 மில்லிமீட்டர் தடிப்புத்தான். ஸ்க்ரூ அதை வெடிக்க வைக்கலாம், மேலாலும் வரலாம். கிளிப் போடத்தான் வேணும் என்றால், பித்தளை இன்சேர்ட்டை எபொக்சி வைச்சுப் பதிச்சு அதில் பூட்டுறதுதான் முறை.

ஆறாவது, பசை இல்லாமல் ஒரு ஒத்திகை. சிங்கைத் தூக்கி, பாதங்களைத் திருகி, ஓட்டைக்கு நேராக வருதா என்று பார்த்து, மாஸ்கிங் டேப்பில் கோடு போட்டு வையுங்கோ. சிலிக்கோன் பூசின பிறகு யோசிக்க நேரம் கிடைக்காது.

ஏழாவது, சிலிக்கோன். நான் எடுத்தது நியூட்ரல் கியூர் வகை, வினாகிரி மணம் வராதது. அந்த மணம் அசற்றிக் அமிலம், சில உலோகங்களை அரிக்கும். விளிம்பைச் சுற்றி இடைவெளி விடாமல் ஒரே வரியாகப் பூசி, மூலைகளில் 2 மில்லிமீட்டர் றப்பர்த் துண்டு வைச்சு, பாதங்களை மாறி மாறி அரைச் சுற்றுத் திருகி உயர்த்தினேன். றப்பர்த் துண்டு எதற்கு? பசை முழுக்கப் பிதுங்கி வெளியே போகாமல் 2 மில்லிமீட்டர் தடிப்பில் நிற்கிறதுக்கு. கணக்கில் வந்த அந்த அரை மில்லிமீட்டர் இழுபறியை இந்தத் தடிப்புத்தான் வாங்கப் போகுது. பிதுங்கினதை உடனே துடைச்சுவிடுங்கோ.

எட்டாவது, காத்திருங்கோ. சிலிக்கோன் காற்றில் இருக்கிற ஈரத்தை எடுத்து வெளியே இருந்து உள்ளே மெதுவாக இறுகும். வெளியே தொட்டால் காய்ஞ்ச மாதிரி இருக்கும்போது விளிம்பின் நடுவில் இன்னும் பச்சையாக இருக்கும். நான் இரண்டு நாள் தண்ணீர் விடவில்லை, ஒரு கிழமை வண்டியை எடுக்கவில்லை.

ஒன்பதாவது, வடிகுழாய். திரும்பப் பூட்டும்போது குழாய் சிங்கை எந்தப் பக்கமும் இழுக்கக் கூடாது. இரண்டும் தானாக நேரே வர வேணும், பிறகுதான் நட்டை இறுக்கிறது. குழாயைத் தனியே ஒரு பட்டியால் சட்டத்தில் கட்டிவிட்டேன். இனி அது சிங்கில் தொங்காது.

சோதனை

டெஸ்ட் இல்லாமல் டிப்ளோய் இல்லை. விளிம்பைச் சுற்றிக் கீழே காய்ஞ்ச டிஷ்யூ ஒட்டி, சிங்கை மேல் வரைக்கும் நிரப்பி ஒரு மணித்தியாலம் விட்டேன். 48 கிலோ நின்றது, டிஷ்யூ காய்ஞ்சே இருந்தது. பிறகு அடைப்பானை ஒரே இழுவையில் எடுத்தேன். முழுத் தண்ணீரும் வேகமாக இறங்கும்போது குழாய் மூட்டுகளுக்கு அதுதான் பெரிய சோதனை. கடைசியில், இருக்கிறதில் மோசமான கிரவல் றோட்டில் 20 கிலோமீட்டர் ஓடிவிட்டு வந்து, அதே பாங்க் கார்ட்டை எடுத்துச் சுற்றி வந்தேன். ஓர் இடத்திலும் போகவில்லை.

மரம், பாதங்கள், றப்பர், சிலிக்கோன், அல்ககோல் எல்லாம் சேர்த்து நூறு டொலருக்குள். கை வேலை ஒரு முழு நாள், மிச்சம் காத்திருப்பு. ஜூலையில் அவர்கள் தண்டர் பே போய் வந்தார்கள்.

எப்போது கை வைக்கக் கூடாது

பலகையைக் குத்தினால் ஸ்க்ரூ ட்ரைவர் உள்ளே போகுது, அல்லது நடக்கும்போது நிலம் மெத்தென்று இருக்கு என்றால், பிரச்சினை சிங்கைத் தாண்டிப் போய்விட்டது. முதலில் நிலத்தைப் பார்க்க ஆள் வேணும். காஸ் குழாயை நகர்த்தினால்தான் இடம் கிடைக்கும் என்றால் அங்கேயே நிப்பாட்டுங்கோ. ஒன்ராறியோவில் காஸ் வேலைக்கு உரிமம் பெற்றவர்தான் வர வேணும், அதற்குக் காரணமும் இருக்கு. இன்வேர்ட்டருக்குள் தண்ணீர் போன தடயம் இருந்தால் அதைத் தொட வேண்டாம்.

மற்றப்படி, திருத்துற உரிமை என்று நாங்கள் கதைக்கிறதில் பாதிதான் சட்டத்தில் இருக்கு. மிச்சப் பாதி, கீழே படுத்து டோர்ச் அடிச்சு, எது எதைத் தாங்குது என்று பார்க்கிறதில் இருக்கு. இந்த வார இறுதியில் ஒரு பாங்க் கார்ட்டோடு உங்கட குசினிச் சிங்கைச் சுற்றி ஒருக்கால் வாங்கோ. கார்ட் உள்ளே போனால், எந்தப் பக்கத்தில் போனது என்று எங்களுக்கு எழுதுங்கோ. அடுத்த எபிசோடில் அதைப் பற்றியே கதைப்பம்.